கால் போயிற்று, வால் ஆடுகிறது!

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை நேரத்தில் வண்டிகளுக்கு இடமில்லை. காந்தி சிலைக்கு இரண்டு பக்கமும் ஜனங்கள் உலாவுகிறார்கள். சிலர் தங்கள் நாயையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் மூன்று கால் நாய் ஒன்று வந்தால் என்ன ஆகும்? பார்த்தவர்கள் எல்லாம், "ஐயோ பாவம்!" என்பார்கள். "இதற்கு ஒரேயடியாகப் போயிருக்கலாம்" என்றுகூடச் சிலர் சொல்லுவார்கள்.

நாய் என்ன செய்யும்? சுண்டல் விற்பவர் பக்கம் மூக்கை நீட்டும். வாலை ஆட்டும்!

பரிதாபம் நமக்குத்தான். நாய்க்குத் தன்மேல் பரிதாபம் கிடையாது.

2025-ல் நாடு முழுவதும் நாய்ப் பேச்சாகவே இருந்தது. டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடையுங்கள் என்று ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. பதினொரு நாளில் அந்த உத்தரவு மாறியது. கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநாயையும், கடிக்கிற நாயையும் மட்டும் விடக்கூடாது என்று ஆயிற்று. டீக்கடையில்கூட இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதம் செய்தார்கள்.

அந்தச் சத்தத்தில் இன்னொரு சங்கதி யார் காதிலும் விழவில்லை. அது வீட்டு நாயின் சங்கதி. வீட்டு நாய்களுக்கு வயதாகிறது. வயதானால் புற்றுநோய் வருகிறது.

நாய்க்குப் புற்றுநோயா?

ஆம், வரும். மனிதனுக்கு வருவது போலவே வரும். முன்பு அதிகம் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் நாய் அந்த வயதுவரை உயிரோடு இருப்பதே அபூர்வம். குட்டியிலேயே 'டிஸ்டெம்பர்' கொண்டுபோகும். தப்பினால் 'பார்வோ' கொண்டுபோகும். அதற்கும் தப்பினால் வெறிநோய், இல்லாவிட்டால் லாரி.

இப்போது தடுப்பூசி வந்துவிட்டது. நாய் வீட்டுக்குள்ளேயே வளர்கிறது. பத்து வயது, பன்னிரண்டு வயது வாழ்கிறது. ஒரு வாசலை அடைத்தோம். நோய் மறு வாசலால் வருகிறது.

இந்தப் புற்றுநோய்களில் ஒன்று எலும்பில் வருவது. அது வந்தால், "காலை எடுக்க வேண்டும்" என்று டாக்டர் சொல்லுகிறார். கேட்டதும் வீடே நடுங்குகிறது. அந்த வீட்டாருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். முத்தியால்பேட்டையில் ஒரு வீடு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. நாய்க்குப் பெயர் ஜிம்மி. லேப்ரடார் ஜாதி. வயது ஒன்பது. எடை 30 கிலோ.

நொண்டல்

ஒரு நாள் ஜிம்மி முன்காலை நொண்டுகிறது. "மாடிப்படியில் சறுக்கியிருக்கும்" என்கிறார் அப்பா. "வாதமாக இருக்கும். எனக்கு இல்லையா?" என்கிறார் பாட்டி. நல்லெண்ணெய் காய்ச்சித் தடவுகிறார்கள். இரண்டு நாள் நொண்டல் குறைகிறது. பிறகு மறுபடியும் நொண்டுகிறது. மணிக்கட்டுக்கு மேலே லேசாக வீங்கியிருக்கிறது.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. வீங்கிய இடத்தை உருவிவிடுகிறார்கள். புற்றுநோய் அரித்த எலும்பு, செல்லரித்த மரம் போன்றது. வெளியே பார்த்தால் கால். உள்ளே பலம் இல்லை. அழுத்தி உருவினாலும், துள்ளிக் குதித்தாலும் முறிந்துவிடும்.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது! 'புரூபென்', 'டைக்ளோபினாக்' போன்ற மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். சிறுநீரகத்தையும் கெடுக்கும். காய்ச்சல் மாத்திரையான 'பாரசிட்டமால்' கூட அளவு மீறினால் நாயின் ஈரலைக் கெடுத்துவிடும். நாய்க்கு ஏற்ற வலி மருந்து தனியே இருக்கிறது. அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பெரிய நாய், ஏழு வயதுக்கு மேல், இரண்டு வாரமாக நொண்டல் தீரவில்லை என்றால் 'எக்ஸ்ரே' எடுத்துப் பார்த்துவிட வேண்டும். எண்ணெயும் பத்தும் அப்புறம்.

எக்ஸ்ரே சொன்னது

நாயின் எலும்பில் தோன்றும் புற்றுநோயில் பெரும்பகுதி ஒரே வகை. அதை 'ஆஸ்டியோசார்கோமா' என்பார்கள். பெரிய உடம்புள்ள நாய்களுக்கே அதிகம் வரும். பின்காலைவிட முன்காலில் அதிகம். முன்கால் என்றால் மணிக்கட்டுப் பக்கமோ தோள் பக்கமோ வரும். முழங்கைப் பக்கம் வருவது குறைவு.

இந்த நோயில் ஒரு சூது இருக்கிறது. காலில் கட்டி தெரிவதற்கு முன்பே, நோயின் விதைகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. நூற்றுக்குத் தொண்ணூறு நாய்களில் அப்படித்தான். ஆனால் அந்த விதை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆகையால் மார்பு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "நுரையீரல் சுத்தமாக இருக்கிறது" என்று கேட்டுச் சந்தோஷப்பட்டுவிடக்கூடாது. "இன்னும் கண்ணில் படவில்லை" என்றுதான் அதற்கு அர்த்தம்.

இதே நோய் மனிதர்களுக்கும் வருகிறது. பெரும்பாலும் வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு. கனடா தேசத்தில் டெர்ரி பாக்ஸ் என்று ஒரு வாலிபன் இருந்தான். 1977-ல் அவனுக்கு வயது 18. வலது கால் முழங்காலுக்கு மேல் வெட்டப்பட்டது. மருந்து ஏற்றினார்கள். மூன்று வருஷம் கழித்து, செயற்கைக் காலோடு தேசத்தின் கிழக்குக் கடலோரத்திலிருந்து மேற்கு நோக்கி ஓடக் கிளம்பினான், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட! 143 நாட்கள் ஓடினான். 5,373 கிலோமீட்டர் கடந்தான். அங்கே அவனை நிறுத்தியது கால் அல்ல, நுரையீரல். நோய் அங்கே போய்விட்டது. 1981 ஜூனில் இறந்தான். வயது 22.

ஜிம்மிக்கு வந்திருப்பதும் அதே நோய்தான். கால் போனதால் யாரும் சாவதில்லை. கால் போன பிறகும் ஓடலாம். ஆனால் காலை எடுத்ததோடு நோய் தீர்ந்தது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

பிறகு எதற்குக் காலை எடுப்பது?

பாட்டி இதைத்தான் கேட்கிறார். "ஏண்டா தம்பி, எப்படியும் போகப்போகிற உயிர். அதைப் போய் அறுப்பானேன்?"

நல்ல கேள்வி. பதில் ஒரே வார்த்தை: வலி.

எலும்புப் புற்றுநோயின் வலி சாதாரண வலி அல்ல. எலும்பு உள்ளிருந்து அரிக்கப்படுகிறது. நாய் அழாது. அதன் சுபாவம் அப்படி. மூலையில் படுத்துக்கொள்ளும். சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடும். இரவில் இடம் மாறி மாறிப் படுக்கும். பிள்ளைகள் தொட்டால் உறுமும். "வயதாகிவிட்டது, கோபம் வருகிறது" என்று நாம் நினைக்கிறோம். அது கோபம் அல்ல.

காலை எடுத்தால் அந்த வலி அந்தக் காலோடு போய்விடுகிறது. ஆபரேஷன் நாயின் ஆயுளுக்காக அல்ல, அதன் சுகத்துக்காக.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். காலை மட்டும் எடுத்துவிட்டு வேறு மருந்து கொடுக்காவிட்டால், பாதி நாய்கள் நாலைந்து மாதத்துக்குள் இறந்துவிடுகின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு புற்றுநோய் மருந்தும் ஏற்றினால், அந்தக் காலம் பத்து மாதம், ஒரு வருஷம் என்று நீளுகிறது. ஐந்தில் ஒரு நாய் இரண்டு வருஷமும் இருக்கும். பல தேசங்களில் பல வருஷம் பார்த்த கணக்கு இது. ஜிம்மி எந்தப் பாதியில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு வருஷம் என்றால் நமக்குக் கொஞ்சம். ஒன்பது வயது லேப்ரடாருக்கு அது மிச்ச ஆயுளில் பெரும்பங்கு!

மூன்று கால் போதுமா?

நிற்கிற நாயின் எடையில் நூற்றுக்கு 60 பங்கு முன்கால்களில் விழுகிறது. 40 பங்கு பின்கால்களில். 30 கிலோ ஜிம்மியின் ஒவ்வொரு முன்காலும் 9 கிலோ சுமக்கிறது. ஒவ்வொரு பின்காலும் 6 கிலோ. ஆகவே பின்கால் போனால் சுலபம். முன்கால் போனால் கொஞ்சம் கஷ்டம். மிச்சமுள்ள முன்கால் பெரும்பாரத்தை ஏற்க வேண்டும். நாயும் கெட்டிக்காரத்தனமாக அந்தக் காலை உடம்பின் நடுவுக்குக் கொண்டுவந்து ஊன்றுகிறது. ஒவ்வொரு எட்டுக்கும் தலையை மேலே தூக்கித் தாண்டுகிறது.

பெரும்பாலான நாய்கள் ஆபரேஷனுக்கு மறுநாளே எழுந்து நிற்க முயலுகின்றன. இரண்டு முதல் நான்கு வாரத்தில் சரளமாக நடக்கின்றன.

எல்லா நாய்க்கும் இது சரிவராது. மற்ற மூட்டுகளில் ஏற்கெனவே கடுமையான வாதம் இருந்தால், இடுப்பு எலும்பு கெட்டிருந்தால், உடம்பு அதிகமாகப் பெருத்திருந்தால் டாக்டர் யோசிப்பார். நுரையீரலில் ஏற்கெனவே கட்டிகள் தெரிந்தாலும் யோசிப்பார். ஒன்பது வயது என்பது மட்டும் தடை அல்ல. வயது ஒரு நோய் அல்ல என்பது டாக்டர்கள் சொல்லும் வார்த்தை.

நாட்டியமணி சுதா சந்திரன் ஜெய்ப்பூர் காலோடு ஆடியதைப் பார்த்தவர்கள், "நாய்க்கும் செயற்கைக் கால் வைக்கலாமே?" என்று கேட்பார்கள். இந்த ஆபரேஷனில் முன்காலைத் தோள் எலும்போடு எடுத்துவிடுவது வழக்கம். பின்காலை இடுப்போடு ஒட்டி எடுப்பார்கள். பாதிக் கட்டையாக விட்டால் அது தரையில் இடித்துப் புண்ணாகும். ஆகையால் செயற்கைக் கால் பொருத்த இடமே இல்லை. மூன்று காலே நாய்க்குப் போதும்.

காலை எடுக்காமல், நோய் பிடித்த எலும்பை மட்டும் எடுத்து மாற்று எலும்பு வைக்கும் முறையும் உண்டு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஸ்டீபன் வித்ரோ முதலானவர்கள் நாய்களிடம் இதைச் செய்து தேர்ந்தார்கள். அங்கே கற்றது இதே நோய் வந்த குழந்தைகளின் காலைக் காப்பாற்றவும் பயன்பட்டது. 'மிபாமுர்டைட்' என்ற மருந்தும் அப்படித்தான். முதலில் நாய்களிடம் பலன் தெரிந்தது. 2009-ல் ஐரோப்பாவில் மனிதர்களுக்கு அனுமதித்தார்கள். நாய்க்குச் செய்யும் வைத்தியம் வீண் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எங்கே போவது?

1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார்கள். பிறகு ஊரை இடித்துத் தள்ளினார்கள். அதே 1761-ல் பிரான்சு தேசத்து லியோன் நகரில் குளோத் பூர்ழெலா என்பவர் ஒரு பள்ளிக்கூடம் நிறுவினார். மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம். உலகத்தின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி அதுதான்! நம் ஊரை ஆண்டவர்கள் உலகத்துக்குக் கொடுத்த படிப்பு அது. ஆனால் நம் ஊரில் அந்தப் படிப்புக்குக் கல்லூரி வந்தது 1994-ல்தான். பிரெஞ்சுக்காரர் போய் நாற்பது வருஷம் கழித்து.

குரும்பாப்பேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி பெயர் கொண்ட கால்நடைக் கல்லூரியைச் சொல்லுகிறேன். இப்போது அது கல்வி ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் நடக்கிறது. கல்லூரியோடு ஆஸ்பத்திரியும் உண்டு. கறவை மாடும் வரும், ஆடும் வரும், நாயும் வரும். புதுவைக் குடும்பம் முதலில் கேட்க வேண்டிய இடம் அதுவே. தனியார் கால்நடை டாக்டர்களும் ஊரில் இருக்கிறார்கள்.

அடுத்தது சென்னை வேப்பேரி. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பிறகு வேப்பேரிக்கு வந்தது. புற்றுநோய் வந்த நாய்களையும் அங்கே பார்க்கிறார்கள். ஆனால் புதுவையிலிருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர். பஸ்ஸில் 30 கிலோ நாயை யார் ஏற்றுவார்கள்? டாக்ஸிதான். ஒரு தடவை போவது பெரிதல்ல. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போக வேண்டுமே! புதுவைக் குடும்பத்துக்கு உண்மையான கஷ்டம் அந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது. ஆகையால் முதலிலேயே இரண்டு டாக்டர்களையும் பேசவையுங்கள். ஆபரேஷன் பெரிய ஊரில் நடக்கட்டும். மருந்து ஏற்றுவதையும் ரத்தப் பரிசோதனையையும் உள்ளூரில் செய்யமுடியுமா என்று கேளுங்கள்.

பணக்காரருக்கு மட்டும் இந்தக் கஷ்டம் இல்லை என்று நினைக்க வேண்டாம். ரத்தன் டாடாவே தம் நாயின் மூட்டு வைத்தியத்துக்காக அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர். போவதற்குள் காலம் கடந்துவிட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த வருத்தத்தின் விளைவு, 2024-ல் மும்பையில் திறந்த டாடா நாய், பூனை ஆஸ்பத்திரி.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஆபரேஷன் அன்றும் மறுநாளும் வலிக்கு என்ன கொடுப்பீர்கள்? இரவில் யார் பார்த்துக்கொள்வார்கள்? வீட்டுக்கு என்ன மருந்து தருவீர்கள்? முதல் கேள்வி மிக முக்கியம். மார்பீன் போன்ற பலமான வலி மருந்துகள் 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. 2018-ல் 'டிராமடால்' மருந்தும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. வலி மருந்துக்கே வலி வந்துவிட்டது! திருட்டுத்தனமாக விற்பவனைப் பிடிக்கட்டும். ஆனால் முறையாக வைத்தியம் செய்யும் டாக்டரின் அலமாரி காலியாக இருந்தால், கஷ்டப்படுவது வாயில்லாத ஜீவன். இதை யாரும் சட்டசபையில் பேசியதாகத் தெரியவில்லை. பேச வேண்டும்.

வீட்டுக்கு வந்தது

ஜிம்மி வீட்டுக்கு வந்துவிட்டது. பாதி உடம்பு மழித்திருக்கிறது. நீளமான தையல். கழுத்தில் புனல் மாதிரி ஒரு வளையம். பிள்ளைகள் அழுகிறார்கள். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் வாரம் மோசமான வாரம். "தப்புச் செய்துவிட்டோமோ?" என்ற எண்ணம் ஒவ்வொரு வீட்டிலும் வரும். நாய் முனகும். இரவில் திடீரென்று எழுந்து, இல்லாத காலை நக்கத் திரும்பும். போன கால் இன்னும் வலிப்பதாக நரம்பு ஏமாற்றுகிறது. மனிதர்களுக்கும் இது உண்டு. டாக்டரிடம் சொன்னால் அதற்குத் தனி மருந்து தருவார். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் முதல் எதிரி தரை. நம் வீடுகளில் மொசைக், கிரானைட், வழவழப்பான சிவப்புச் சிமெண்டு. நாலு காலுக்கே வழுக்கும். படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர் வைக்கும் இடம்வரை, அங்கிருந்து வாசல்வரை ரப்பர் விரிப்போ கயிற்று மிதியடியோ போட்டு ஒரு பாதை செய்யுங்கள். கோரைப்பாய் உதவாது, பாயே வழுக்கிக்கொண்டு போகும். மாடிப்படிக்குக் குறுக்கே பலகை வைத்துவிடுங்கள்.

எழுப்பும்போது பழைய துண்டு ஒன்றை மடித்து வயிற்றுக்கு அடியில் கொடுத்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்க வேண்டாம், தாங்கினால் போதும். சில நாளில் அதுவும் வேண்டியிராது. நான் சொல்லுவதைவிட ஜிம்மியே சீக்கிரம் சொல்லிவிடும்.

தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை நனைக்கக்கூடாது. நக்க விடக்கூடாது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஈ அதிகம். புண்ணில் ஈ உட்கார்ந்தால் மறுநாள் புழு. ஒரு நாளைக்கு இரண்டு தடவை தையலைப் பாருங்கள்.

இனி சாப்பாடு. வைத்தியத்துக்குப் போன பிள்ளையென்று பாட்டி கவளம் கவளமாக நெய்ச்சோறு ஊட்டுவார். வேண்டாம் பாட்டி! மூன்று காலுக்கு எடைதான் சத்துரு. விலா எலும்பைத் தடவினால் கையில் தெரிய வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. அதுதான் அளவு. சோற்றைக் குறைத்து, முட்டையும் எலும்பில்லாத கறியும் வேகவைத்துக் கொடுக்கலாம்.

நகத்தை வெட்டுங்கள். சாப்பாட்டுத் தட்டை ஒரு மணை மேல் வையுங்கள். முன்கால் போன நாய் குனியச் சிரமப்படும். வெயிலில் தார் ரோட்டில் நடத்தவேண்டாம். கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போவதானால் பொழுது சாய்ந்து தரை ஆறிய பிறகு போங்கள். பத்து நிமிஷம் நடந்தால் உட்கார வையுங்கள். ஒரே மூச்சில் நீண்ட தூரம் போவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போவது நல்லது.

மருந்து ஏற்றும் நாள்

ஜிப்மர் ஆஸ்பத்திரி வாசலில் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறவர்களைப் புதுவையில் பார்க்காதவர் இல்லை. முடி கொட்டி, முகம் வாடி, வாந்தியோடு வருவார்கள். "அந்தக் கஷ்டத்தை ஜிம்மிக்கும் கொடுப்பதா?" என்று அம்மா பயப்படுகிறார்.

மருந்து அதேதான். 'கார்போபிளாட்டின்' என்று பெயர். ஆனால் நோக்கம் வேறு. மனிதனுக்கு நோயை அடியோடு அழிக்கவேண்டும் என்று கடுமையான அளவில் கொடுப்பார்கள். நாய்க்கு இருக்கிற நாட்கள் சுகமாக இருந்தால் போதும் என்று மிதமான அளவில் கொடுப்பார்கள். ஆகவே பெரும்பாலான நாய்கள் அன்று மாலையே வாலை ஆட்டிக்கொண்டு சாப்பிடுகின்றன. லேப்ரடார் போன்ற நாய்க்கு முடியும் கொட்டாது. மீசை மட்டும் உதிரலாம். 'பூடில்' மாதிரி முடி வளர்ந்துகொண்டே இருக்கும் ஜாதிக்குத்தான் கொட்டும்.

ஆபரேஷன் முடிந்து சுமார் இரண்டு வாரத்தில் தொடங்குவார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, நான்கிலிருந்து ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் முன்னதாக ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கைநரம்பில் ஏற்ற அரை மணி நேரம் போதும்.

இரண்டு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும்.

ஒன்று: மருந்து ஏற்றி ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது சாதாரணக் கிருமியும் பெரிய ஆபத்து. நாய்க்கு இயல்பான சூடு 101 முதல் 102½ டிகிரி. 103-க்கு மேல் போனாலோ, சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

இரண்டு: மூன்று நாளைக்கு நாயின் மூத்திரத்திலும் மலத்திலும் வாந்தியிலும் மருந்து கலந்திருக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை போட்டு எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கர்ப்பிணிகளும் தவழும் குழந்தைகளும் அந்தப் பக்கம் போகவேண்டாம். பிள்ளைகள் நாயைத் தடவலாம். முகத்தை நக்க விடக்கூடாது.

இந்த இடத்தில் ஒரு பூவைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. வீட்டு வாசலில் ஐந்து இதழோடு ரோஜா நிறத்தில் பூக்குமே, நித்திய கல்யாணி! அதிலிருந்து 'வின்கிரிஸ்டின்' என்ற புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1963-ல் அனுமதித்த மருந்து. அது ஜிம்மியின் எலும்பு நோய்க்கு உதவாது. ஆனால் நம் தெருநாய்களிடம் சாதாரணமாகக் காணும் ஒரு புற்றுநோய் இருக்கிறது. இனச்சேர்க்கையால் ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றும் கட்டி. அதற்கு வாரம் ஒரு ஊசி வின்கிரிஸ்டின் போட்டால், பெரும்பாலான நாய்களுக்குச் சில வாரத்தில் கட்டி அடியோடு கரைந்துவிடுகிறது. புற்றுநோய் என்றாலே சாவு என்று எண்ணித் தெருநாயைக் கைவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பூவுக்கு நம் ஜனங்கள் இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்று நித்திய கல்யாணி. மற்றது சுடுகாட்டு மல்லி!

பணம் இல்லையென்றால்?

செலவைப் பற்றிப் பேச வெட்கப்படக்கூடாது. கல்லூரி ஆஸ்பத்திரியில் கட்டணம் குறைவு, தனியாரிடம் அதிகம். மருந்தின் அளவு நாயின் உடம்பைப் பொறுத்தது. பெரிய நாய்க்குப் பெரிய செலவு. ஆபரேஷன், மருந்து, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, டாக்ஸி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதியில் பணம் தீர்ந்து நிற்பதைவிட அது மேல்.

எல்லாம் செய்ய முடியாத குடும்பம் காலை மட்டும் எடுத்து, வலியில்லாத நாலைந்து மாதத்தைக் கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் முறையான வலி மருந்து கொடுத்து, வலி மருந்துக்கு அடங்காத நாளில் டாக்டரைக் கொண்டு உறங்க வைக்கலாம். இவற்றில் எதைச் செய்தாலும் அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்தை நிறுத்தி நாய்க்கு மருந்து வாங்கு என்று யாரும் சொல்லவும் கூடாது.

செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று. நோய் வந்த நாயை இரவில் வண்டியில் கொண்டுபோய் ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வருவது!

அது பாவம் மட்டும் அல்ல, குற்றமும்கூட. பிராணிகளை வதைப்பதைத் தடுக்க 1960-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்கு வழி செய்தவர் நம் ருக்மிணிதேவி அருண்டேல். கலாக்ஷேத்திரா கண்ட அதே அம்மையார். ராஜ்யசபை அங்கத்தினராக இருந்தபோது 1953-ல் தாமே ஒரு மசோதா கொண்டுவந்தார். சர்க்காரே சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்குறுதி தந்த பிறகே அதைத் திரும்பப் பெற்றார். பிராணியைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். நோயாளிப் பிராணியைத் தெருவில் சாக விடுவதும் குற்றம். ஆனால் முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! அறுபது வருஷத்துக்கு மேல் கழித்து, 2022-ல்தான் தண்டனையை உயர்த்தும் திருத்தத்துக்கு மத்திய சர்க்கார் நகல் வெளியிட்டது. ஐம்பது ரூபாய்க்கு அஞ்சி யார் நாயை வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? தெருநாய்களைப் பற்றி இத்தனை பேச்சு நடந்த வருஷத்தில், அந்த நாய்களில் சில நேற்றுவரை ஒரு வீட்டில் பெயரோடு இருந்தவை என்பதை யாரும் நினைக்கவில்லை.

காலண்டரில் ஒரு வட்டம்

ஜிம்மிக்குக் கடைசி ஊசி மருந்து ஏற்றியாயிற்று. நன்றாக இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மார்பு எக்ஸ்ரே. ஒரு நாள் அதில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். அன்றைக்கும் ஜிம்மி வாலை ஆட்டும். அதற்கு எக்ஸ்ரே படிக்கத் தெரியாது.

பிறகு எத்தனை நாள்? "எப்போது போதும் என்று சொல்லுவது?" இது எல்லாக் குடும்பமும் கேட்கும் கேள்வி.

கூடத்துச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குமே, அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இரவும் அன்றைய தாளில் ஒரு அடையாளம் போடுங்கள். ஜிம்மி சாப்பிட்டதா? எழுந்து வந்ததா? நீங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது வாலை ஆட்டியதா? மூச்சுத் திணறாமல் படுத்ததா? ஆம் என்றால் வட்டம். இல்லை என்றால் பெருக்கல் குறி. தாளைக் கிழித்து எறியாமல் சேர்த்து வையுங்கள். பெருக்கல் குறிகள் வட்டங்களைவிட அதிகமாகும் வாரத்தில் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒருவர் மட்டும் முடிவு செய்ய வேண்டாம். பாட்டியையும் கேளுங்கள், அவர் வயதில் பல சாவுகளைப் பார்த்தவர்.

டாக்டர் வீட்டுக்கே வருவாரா என்று முன்னாலேயே கேட்டு வையுங்கள். முதலில் ஒரு ஊசி, நாய் தூங்கிவிடும். பிறகு மயக்க மருந்தே அதிக அளவில் நரம்பில் போகும். சில நிமிஷத்தில் மூச்சு நின்றுவிடும். கண் திறந்தே இருக்கும்; அதற்குப் பயப்பட வேண்டாம். உங்களில் ஒருவர் தலையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டால் இருக்க விடுங்கள். கேட்காவிட்டால் இழுத்து வராதீர்கள். மறுநாள் அவர்கள் கேட்கும்போது, "ஜிம்மி செத்துப்போயிற்று" என்றே சொல்லுங்கள். "தூங்கிப் போயிற்று" என்று சொன்னால், சின்னப் பிள்ளை அன்று இரவு தூங்கப் பயப்படும்.